மூச்சை இழுத்தா முழங்கை மடங்குது: நரம்புக்கு முதல்ல வழி சொன்னது யார்?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் காலேஜ் நண்பன் ஒருத்தனோட வலது கை.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ராத்திரி பைக்ல வரும்போது விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், தலைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா விழுந்த வேகத்துல தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் இழுபட்டுடுச்சு. கழுத்துலேர்ந்து கைக்குப் போற நரம்புக் கொத்து ஒண்ணு இருக்கு, டாக்டர்கள் பிரேக்கியல் பிளெக்சஸ்னு சொல்வாங்க. அது தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிட்டது. பைக் விபத்துகளில் அடிக்கடி பார்க்கிற காயம்தான் இது. எலும்பு உடையல, பெருசா ரத்தம் இல்ல. கை மட்டும் தொங்கிக்கிட்டே இருக்கு.

பிய்ந்துபோன நரம்பைத் திரும்பத் தண்டுவடத்தில் ஒட்ட வைப்பது வழக்கமான ஆபரேஷன் இல்லை. அதனால டாக்டர்கள் வேற ஒண்ணு பண்ணாங்க. விலா எலும்புகளுக்கு நடுவில், மூச்சு விட உதவும் நரம்புகள் ஓடுகின்றன. அதில் இரண்டு மூன்றை எடுத்து, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசைக்குப் போகும் நரம்போடு தைத்தார்கள். பல மாசம் ஒண்ணுமே இல்ல. ஒருநாள் அவன் பெருசா மூச்சை இழுக்கும்போது பைசெப்ஸ் லேசா துடிச்சுது. அப்புறம் மூச்சை இழுத்தா முழங்கை மடங்க ஆரம்பிச்சுது. இருமினா இன்னும் வேகமா மடங்குது!

அன்னைக்கு போன்ல அவன் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு கேட்டான். "டேய், இப்ப தப்பா கனெக்ட் ஆகுறது புரியுது, டாக்டர்தான் தைச்சாரு. அம்மா வயித்துல முதல் தடவை சரியா கனெக்ட் பண்ணது யாரு?"

இந்த எபிசோட் அந்தக் கேள்விக்கான பதில்.

முதல்ல கேள்வியோட அளவைப் புரிஞ்சுக்கணும். நம்ம உடம்புல 600-க்கும் மேல தசைகள் இருக்கு. ஒவ்வொன்றையும் இயக்கும் மோட்டார் நியூரான்கள் தண்டுவடத்திலோ மூளையின் அடிப்பகுதியிலோ உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து ஆக்ஸான் என்ற நீளமான ஒரு இழையை விட்டு அவை தசையைத் தொடுகின்றன. கால் விரலை ஆட்டும் தசை வரைக்கும் போகிற ஆக்ஸான் பெரியவர்களிடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ஒரே ஒரு செல், ஒரு மீட்டர்! ஆனா இந்தப் பயணம் ஆரம்பிக்கும்போது அவ்வளவு தூரம் இல்லை. கருவுக்கு ஐந்து வாரம் ஆகும்போது கையும் காலும் சின்ன மொட்டுகள். மொத்தக் கருவும் ஒரு சென்டிமீட்டர்கூட கிடையாது. அந்தச் சமயத்துல நரம்பு உள்ள போயிடுது. அப்புறம் கை வளர வளர நரம்பும் கூடவே இழுபட்டு நீளுது. தூரம் சின்னதுங்கிறதால வேலை சுலபம்னு நினைக்காதீங்க. அந்த மொட்டுக்குள்ள பைசெப்ஸுக்கும் ட்ரைசெப்ஸுக்கும் நடுவுல முடி அளவு இடைவெளிதான். தப்பான பக்கம் திரும்ப அதுவே போதும்.

நரம்பு உண்மையிலேயே "நடந்து" போகுதா? இதை முதலில் பார்த்தவர் ஸ்பெயின் நாட்டு சான்டியாகோ ரமோன் இ கஹால். 1890-ல் கோழிக்கருவின் தண்டுவடத்தைச் சாயமேற்றிப் பார்த்தபோது, வளரும் ஒவ்வொரு ஆக்ஸானின் நுனியிலும் ஒரு சின்ன வீக்கம் தெரிந்தது. அதற்கு வளர்கூம்பு என்று பெயர் வைத்தார். கோட்டைக் கதவை இடிக்கிற மரத்தூண் மாதிரி அது முட்டி மோதி முன்னேறும் என்று ஊகித்தார். அவர் பார்த்ததோ செத்துப்போன திசு, அசையாத ஒரு போட்டோ மாதிரி. அதிலிருந்து அசைவை ஊகித்தது அபாரமான கற்பனைன்னு எனக்குத் தோணும். 1907-ல் அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் ஒரு துண்டை நிணநீர்ச் சொட்டில் தொங்கவிட்டு, நரம்பிழை உயிரோடு வளர்வதை மைக்ராஸ்கோப்பில் நேரில் பார்த்தார். நுனியிலிருந்து விரல்கள் மாதிரி நீள்கிறது, தடவிப் பார்க்கிறது, சுருங்குகிறது, மறுபடி நீள்கிறது. கஹால் சொன்னது சரி. ஒரு வித்தியாசம்தான்: அது முட்டுவதைவிட அதிகமாகத் தடவிப் பார்க்கிறது.

சரி, தடவிப் பார்க்குது. எதைப் பார்த்து முடிவு பண்ணுது? இங்கதான் பெரிய சண்டை.

1930-களில் செல்வாக்கோடு இருந்த கருத்து பால் வைஸ் என்பவருடையது. நரம்பு எங்க போனாலும் பரவாயில்லை, எந்தத் தசையைத் தொடுதோ அந்தத் தசையோட சுபாவத்துக்கு ஏத்தமாதிரி அது தன்னை மாத்திக்கும் என்பது அவர் வாதம். அதாவது முகவரி இல்லாத கடிதம். போய்ச் சேர்ந்த வீடுதான் அதன் முகவரி. கேட்க நல்லாத்தான் இருக்கு. அவரிடமே சிகாகோவில் பிஎச்.டி. பண்ணிய ராஜர் ஸ்பெரி இதைச் சோதித்துப் பார்த்தார். எலியின் பின்னங்காலில், பாதத்தைத் தூக்கும் தசைக்கும் இறக்கும் தசைக்கும் போகும் நரம்புகளை அறுத்து, இடம் மாற்றித் தைத்தார். நரம்புகள் வளர்ந்து தசையைத் தொட்டன. வைஸ் சொன்னது சரியென்றால் கொஞ்ச நாளில் எலி சரியாக நடந்திருக்க வேண்டும். நடக்கல. தூக்க வேண்டிய இடத்தில் இறக்கியது, இறக்க வேண்டிய இடத்தில் தூக்கியது. எவ்வளவு பழக்கினாலும் மாறவே இல்லை. நரம்பு தன் பழைய அடையாளத்தை விட்டுக்கொடுக்கல.

அதுக்கப்புறம் ஸ்பெரி தவளை, நியூட் மாதிரி பிராணிகளின் கண்ணை வைத்துப் பல சோதனைகள் செய்தார். 1963-ல் தன் முடிவைத் தெளிவாக எழுதினார்: நரம்புச் செல்களிடம் வேதியியல் அடையாளங்கள் இருக்கின்றன, அவை தங்களுக்குப் பொருத்தமான இலக்கைத் தேடிப் போகின்றன. 1981-ல் அவருக்கு நோபல் கிடைச்சுது. ஆனா அது இந்த வேலைக்கு இல்ல, மூளையின் இரு பாதிகளைப் பற்றிய இன்னொரு ஆராய்ச்சிக்கு. அந்தக் கதை தனி எபிசோட்.

கவனிச்சீங்களா, எலிச் சோதனைல ஒரு ஓட்டை இருக்கு. அது வளர்ந்த எலி. நரம்பு அடையாளம் மாறாதுன்னு தெரியுது. ஆனா கருவுல அது வழியைத் தேடித்தான் போகுதா, இல்ல பக்கத்துல இருக்கிற தசைக்குள்ள சும்மா நுழைஞ்சிடுதா? முன்னாடி பிறந்த நரம்பு முன்னாடி இருக்கிற தசைக்கு, பின்னாடி இருக்கிறது பின்னாடிக்கு, அவ்வளவுதான்னு வாதாட இடம் இருந்தது.

அந்த ஓட்டையை அடைத்தவர்கள் சிந்தியா லான்ஸ்-ஜோன்ஸ், லின் லேண்ட்மெசர் என்ற இரண்டு பெண்கள். 1980-81-ல் வெளிவந்த அவர்களுடைய கோழிக்கருச் சோதனைதான் இந்தத் துறையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. கோழி முட்டை பொரிய 21 நாள். இவர்கள் மூன்றாம் நாளிலேயே ஓட்டில் ஜன்னல் மாதிரி ஒரு துளை போட்டு, கால் நரம்புகள் கிளம்பும் பகுதியில் தண்டுவடத்தில் மூன்று நான்கு துண்டங்களை வெட்டி, முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். அப்போது ஒரு ஆக்ஸான்கூட வெளியே கிளம்பியிருக்காது. துளையை மூடி முட்டையைத் திரும்ப அடைக்கு வைத்தார்கள். கரு வளர்ந்த பிறகு, எந்தத் தசைக்கு எந்த நியூரான் வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். தசையில் ஒரு நொதியை ஊசி போட்டால் ஆக்ஸான் அதை உறிஞ்சி பின்னோக்கி அனுப்பும். தண்டுவடத்தில் அதற்குச் சொந்தமான செல் சாயத்தில் தெரியும்.

பக்கத்துத் தசைக்குள்ள சும்மா நுழையுறதுதான் வழக்கம்னா, எல்லா நரம்பும் தப்பான தசைல இருந்திருக்கணும். இல்ல. இடம் மாறிப்போன நியூரான்கள் தங்கள் பழைய தசைகளையே தேடிப் பிடித்திருந்தன. அதுவும் நேர்வழியில் இல்லை. காலின் அடியில் நரம்புகள் எல்லாம் கூடும் கொத்துக்குள் தப்பான பக்கத்திலிருந்து நுழைந்து, மற்ற இழைகளைக் குறுக்கே கடந்து, சரியான பாதைக்கு மாறிப் போயிருந்தன. செங்கல்பட்டு ஜங்ஷன்ல தப்பான பிளாட்பாரத்துல இறங்கினவர், மேம்பாலம் ஏறி இறங்கி காஞ்சிபுரம் வண்டியைப் பிடிக்கிற மாதிரி. அவர் கையில டிக்கெட் இருக்கு, போர்டும் படிக்கத் தெரியுது.

ஒரு எல்லையும் இருந்தது. இன்னும் பெரிய துண்டமாகத் திருப்பி, நியூரானை ரொம்பத் தள்ளி வைத்தால் அது தப்பான தசைக்குப் போய்விட்டது. அதாவது போர்டு அந்த ஜங்ஷன்லதான் இருக்கு. வேற ஊர்ல இறக்கி விட்டா டிக்கெட் மட்டும் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. டிக்கெட், போர்டு ரெண்டும் வேணும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசில நம்ம நண்பனோட கைக்கு வரும்போது தேவைப்படும்.

டிக்கெட் எங்க அடிக்கிறாங்க? தண்டுவடத்தின் அடிப்புறத்திலிருந்து ஒரு புரதம் கசிந்து மேலே பரவுகிறது. பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆமா, அந்த வீடியோ கேம் பேர்தான், விளையாட்டா வெச்சது அப்படியே நிலைச்சுடுச்சு. குறிப்பிட்ட அளவு ஹெட்ஜ்ஹாக் கிடைக்கிற இடத்தில் இருக்கும் செல்கள் மோட்டார் நியூரானாக ஆகின்றன. அடுத்து ஹாக்ஸ் மரபணுக்கள்: தலையிலிருந்து வால் வரை எந்த உயரத்தில் இருக்கிறாய் என்று செல்லுக்குச் சொல்பவை. கை உயரத்தில் ஒரு கூட்டம், மார்பு உயரத்தில் வேறு கூட்டம், கால் உயரத்தில் இன்னொன்று. ஒரே உயரத்திலேயே இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் மரபணுக்களும் இருக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஜெஸ்ஸல் குழுவினர் பல வருடம் உழைத்து இந்தக் கூட்டல் கழித்தலைப் பிரித்துக் காட்டினார்கள். ஆக்ஸான் வெளியே எட்டிப் பார்க்கும் முன்னாடியே, அது எந்தத் தசையின் ஆள் என்பது செல்லுக்குள் பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது.

போர்டு? ஒரு சந்திப்பை மட்டும் எடுத்துக்கலாம், அது ரொம்ப நல்லாத் தெரிஞ்ச சந்திப்பு. கை மொட்டின் அடியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. முதுகுப் பக்கம் போனால் முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ். வயிற்றுப் பக்கம் போனால் மடக்கும் பைசெப்ஸ். ட்ரைசெப்ஸ் பக்கம் போக வேண்டிய நியூரான்களில் லிம்1 என்ற மரபணு வேலை செய்கிறது. அது ஆக்ஸானின் மேற்பரப்பில் எஃப்-ஏ4 என்ற ஏற்பியை நிறைய வைக்கிறது. மொட்டின் வயிற்றுப் பக்கத்துச் செல்களிலோ எஃப்ரின்-ஏ என்ற புரதம் இருக்கிறது. இரண்டும் தொட்டால் வளர்கூம்பு சுருங்கிப் பின்வாங்கும். அப்போ அதற்கு மிச்சம் இருக்கும் வழி முதுகுப் பக்கம். பைசெப்ஸ் நியூரான்களுக்கு இதே கதை தலைகீழாக: அவற்றிடம் எஃப்-பி1, முதுகுப் பக்கத்தில் எஃப்ரின்-பி.

வழிகாட்டும் போர்டுன்னா "இங்கே வா"ன்னு கூப்பிடும்னு நாம நினைப்போம். இந்த ஜங்ஷன்ல முக்கியமான போர்டு "இங்கே வராதே". கூப்பிடும் புரதங்களும் உண்டு, ஜிடிஎன்எஃப் என்ற ஒன்று முதுகுப் பக்கமாக ட்ரைசெப்ஸ் கூட்டத்தை ஈர்க்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் தப்பு குறைகிறது. எஃப்-ஏ4 இல்லாமல் பிறந்த எலிகளில், முதுகுப் பக்கம் போக வேண்டிய ஆக்ஸான்களில் பல எதிர்ப்பக்கம் போய்விட்டன.

ஒரு சின்ன விலகல். தண்டுவடத்துக்குள்ளேயே நரம்புகளுக்கு வழிகாட்டும் ஒரு புரதத்தை 1994-ல் பிரித்தெடுத்தவர்கள் அதற்கு நெட்ரின் என்று பெயர் வைத்தார்கள். வழிநடத்துபவர் என்ற பொருள் கொண்ட சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தது. நேதாஜில வர்ற "நேதா"வும் அதே சொல்தான்.

சரி, ஆக்ஸான் தசைக்கு வந்தாச்சு. முடிஞ்சுதா? இல்ல. இனிமேதான் கொஞ்சம் கொடூரமான பகுதி.

கோழிக்கருவின் தண்டுவடத்தில் உருவாகும் மோட்டார் நியூரான்களில் ஏறக்குறைய பாதி, ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் செத்துப்போகின்றன. நோயால் இல்லை, இதுதான் இயல்பு. விக்டர் ஹாம்பர்கர் 1930-களிலேயே கோழிக்கருவின் இறக்கை மொட்டை அகற்றிப் பார்த்தார். அந்தப் பக்கம் நியூரான்கள் குறைவாக இருந்தன. செல்கள் உருவாகவே இல்லை என்று அவர் நினைத்தார். இத்தாலியில், முசோலினியின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட யூதப் பெண் ரீட்டா லெவி-மொன்டால்சினி, டூரின் நகரில் தன் படுக்கையறையையே லேபாக்கி, போர்க்காலத்தில் முட்டைகளைத் தேடி வாங்கி, அதே சோதனையைத் திரும்பச் செய்தார். செல்கள் உருவாகின்றன, அப்புறம்தான் சாகின்றன என்று கண்டார். போர் முடிந்ததும் ஹாம்பர்கர் அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். தவறைக் கண்டுபிடிச்சவங்களையே கூப்பிட்டு கூட வேலை செய்யச் சொன்ன மனுஷன்!

பின்னாளில் ஹாம்பர்கர் குழு எதிர்ச்சோதனையும் செய்தது. கருவுக்குக் கூடுதலாக ஒரு காலை ஒட்டவைத்தால், சாக வேண்டிய நியூரான்களில் பல பிழைத்துக்கொண்டன. தசை, தன்னைத் தொட்ட நரம்புக்கு உயிர் வாழத் தேவையான ஏதோ ஒன்றைத் தருகிறது. அது அளவாகத்தான் கிடைக்கிறது. தேவைக்கு அதிகமாக உருவாக்கி, சேர்ந்ததை வைத்துக்கொள்கிறது உடம்பு. சிக்கனமான வழின்னு சொல்ல மாட்டேன், ஆனா கணக்கு எப்பவும் டேலி ஆகும்: தசை எவ்வளவோ, நரம்பும் அவ்வளவு.

பிழைத்த நரம்புகளுக்குள்ளும் போட்டி முடியவில்லை. பிறந்த எலிக்குட்டியில் ஒரு தசை இழையைப் பல நரம்புகள் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு வாரத்துக்குள் ஒன்றைத் தவிர மற்றவை விலகிவிடும். நரம்பு ஒளிரும்படி மரபணு மாற்றிய எலிகளை வைத்து ஜெஃப் லிக்ட்மன் குழு இதைப் படம்பிடித்தது. தசைப் பக்கத்து ஏற்பிகளைப் பார்க்க இந்தத் துறையில் பயன்படுத்தும் சாயத்தின் மூலம் என்ன தெரியுமா? பாம்பு விஷம். நம்ம ஊர் கட்டுவிரியனோட தைவான் சொந்தக்காரன் ஒண்ணு இருக்கு. அதன் விஷத்தில் உள்ள ஒரு புரதம் அந்த ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு விடாது. அதில் ஒளிரும் சாயத்தைக் கட்டினால், நரம்பு தசையைத் தொடும் ஒவ்வொரு இடமும் பளிச்சென்று தெரியும்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் தப்பு நடக்கும். டுவான் சிண்ட்ரோம் என்று ஒரு கண் பிரச்சினை. கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்பும் தசைக்கு வர வேண்டிய ஆறாம் மூளை நரம்பு வருவதில்லை, அல்லது மிகக் குறைவாக வருகிறது. காலியாகக் கிடக்கும் அந்தத் தசைக்குள் மூன்றாம் நரம்பின் ஒரு கிளை நுழைந்துவிடுகிறது. அது உண்மையில் கண்ணை மூக்குப் பக்கம் திருப்பும் நரம்பு. அதனால அவங்க மூக்குப் பக்கம் பார்க்கும்போது ரெண்டு தசையும் ஒரே சமயத்துல இழுக்கும், கண்ணு லேசா உள்ள போகும். ரொம்ப காலம் இதைத் தசைக் கோளாறுன்னே நினைச்சாங்க. சில குடும்பங்களில் இதற்குக் காரணமான சிஎச்என்1 மரபணு 2008-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது வளர்கூம்பு வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு புரதத்தின் மரபணு. போர்டு இருக்கு, படிக்கிறதுலதான் கோளாறு.

இப்போ நண்பனோட கைக்குத் திரும்ப வரலாம். வளர்ந்தவர்களிலும் அறுந்த கை கால் நரம்பு மறுபடி வளரும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பிரச்சினை என்னன்னா, கரு காலத்துப் போர்டுகளில் பெரும்பாலானவை எப்பவோ எடுத்தாச்சு. பழைய நரம்பின் காலி உறை இருந்தால் அதற்குள் வளரும், ஆனால் எந்த இழை எந்த உறைக்குள் நுழையும் என்பதில் பழைய துல்லியம் இல்லை. முக நரம்பு மோசமாகப் பாதிக்கப்பட்டுத் தேறியவர்கள் சிலருக்குச் சிரிக்கும்போது கண் தானாக மூடிக்கொள்வது இதனால்தான். வாய்க்குப் போக வேண்டிய இழை இமைக்குப் போயிருக்கும்.

இன்னொரு பிரச்சினை தூரம். கருவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வழி, இப்போ தோளிலிருந்து விரல் வரை 60, 70 சென்டிமீட்டர். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். நரம்பு இல்லாத தசை அவ்வளவு நாள் காத்திருக்காது. ஒன்று, ஒன்றரை வருஷத்தில் மெலிந்து, நரம்பை ஏற்றுக்கொள்ளும் சக்தியை இழந்துவிடும். அதனால்தான் தசைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேறு நரம்பைத் திருப்பிவிடுகிறார்கள். இந்த ஆபரேஷனை முடிந்தால் ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று சொல்வதும் அதனால்தான். பைக் விபத்துக்கப்புறம் யாராவது கை தூக்க முடியலன்னு சொன்னா, "தானா சரியாகும், ஆறு மாசம் பார்ப்போம்"னு வீட்ல சொல்லிக்கிட்டு உட்காராதீங்க. சீக்கிரமா நரம்பு அறுவை சிகிச்சை தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஆக, என் நண்பனோட பைசெப்ஸை இப்போ இயக்குறது மார்புக்குன்னு டிக்கெட் அடிச்ச நியூரான். அதன் சுபாவம் மூச்சு. ஸ்பெரியின் எலி கடைசி வரை கத்துக்கல. மனுஷ மூளைக்கு இந்த விஷயத்துல கொஞ்சம் கூடுதல் சாமர்த்தியம் இருக்கு. பிசியோதெரபில முதல்ல மூச்சை இழுத்து இழுத்துத்தான் மடக்கப் பழக்கினாங்க. மாசக்கணக்கா. அப்புறம் மெல்ல மெல்ல மூச்சைக் கொஞ்சமா இழுத்தா போதும்னு ஆச்சு. இப்போ பேசிக்கிட்டே மடக்குறான், மூச்சைப் பத்தி யோசிக்கிறதே இல்லைங்கிறான். விரல்கள் இன்னும் வரல. ஆனா முழங்கை மடிப்புல பையை மாட்டிக்க முடியுது.

போன வாரம் டீக்கடைல நின்னுக்கிட்டு இருந்தோம். அந்தக் கை மடிப்புல ஹெல்மெட்டைத் தொங்கவிட்டிருந்தான். டீ புரையேறி ஒரு இருமல். ஹெல்மெட் நெஞ்சு வரைக்கும் எகிறிட்டு இறங்குச்சு. கடைக்காரர் ஒண்ணும் புரியாம அவனைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லண்ணே, பழைய டிக்கெட்" அப்படின்னான்.